குளிசை போடுகிறேன், வைரஸ் இல்லை என்கிறார்கள். பிறகு புற்றுநோய் ஏன் வரும்?

நிலாவெளிப் பக்கமிருந்து எழுதுவதாகச் சொல்லும் சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். வயது 34. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஐந்து வருடம். தெரிந்த அன்று சிடி4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் எதிர்ப்புச் சக்திக் கலங்களின் கணக்கு) 140. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் குளிசை. இப்போது சிடி4 460, வைரஸ் அளவு 'கண்டறிய முடியாதது' என்று ரிப்போர்ட் வருகிறது. ஆறாம் தரம் படிக்கும் மகளுக்குத் தொற்று இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பத்து வருடத்துக்குள் புற்றுநோய் வந்தே தீரும், குளிசை வைரஸை அடக்குமே தவிர எதிர்ப்புச் சக்தியைத் தராது, அதற்கு எங்கள் பொடியைச் சாப்பிடுங்கள், போத்தல் 18,500 ரூபாய். 'எதிர்ப்புச் சக்தி கூட என்ன சாப்பிடலாம்?' என்று கேள்வி முடிகிறது. ஆனால் அதற்கு இரண்டு வரி மேலே, அடைப்புக்குறிக்குள் போட்ட ஒரு வரி இருக்கிறது: 'வைரஸே தெரியவில்லை என்றால் புற்றுநோய் எப்படி வரும்?' நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பொடிக்குப் பிறகு வருவோம்.

நான் கிழக்கு மாகாணத்தில் பாலியல் நோய் கிளினிக்குகளில் பதினான்கு வருடம் வேலை பார்த்த வைத்தியன். இப்போது திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு இருக்கிறேன். புற்றுநோய் நிபுணன் இல்லை. உங்கள் கோப்பையும் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. அதனால் உங்களுக்கு வரும், வராது என்று சொல்ல என்னால் முடியாது. எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, எது வெறும் வியாபாரம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

அந்தக் குரல் பதிவில் அரை உண்மை ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன, அது உண்மை. 'பத்து வருடம்' என்பது யாரோ வாயில் வந்ததைச் சொன்னது. 'குளிசை எதிர்ப்புச் சக்தி தராது' என்பது பச்சைப் பொய். உங்களுடைய 140ஐ 460 ஆக்கியது எது என்று நினைக்கிறீர்கள்?

எச்.ஐ.வி.யும் புற்றுநோயும் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தவை. 1981இல் அமெரிக்காவில் இந்த நோய் முதன்முதலில் கண்ணில் பட்டபோது, இளம் ஆண்களில் அரிதான ஒரு நிமோனியாவும், கபோசி சார்கோமா என்ற, தோலில் ஊதா நிறத் திட்டுகளாக வரும் புற்றுநோயுமாகத்தான் தெரிந்தது. வைரஸுக்குப் பெயரே வைக்கவில்லை அப்போது. கபோசிக்குக் காரணம் வேறொரு வைரஸ், ஹெர்பிஸ் குடும்பத்தில் எட்டாவது, என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எச்.ஐ.வி. பொதுவாகத் தானே நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உடம்பில் ஒதுங்கிக் கிடக்கும் வேறு வைரஸ்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. கபோசிக்கு அந்த எட்டாவது ஹெர்பிஸ். நிணநீர்ப் புற்றுநோய் பலவற்றுக்கு எப்ஸ்டீன் பார் வைரஸ். அது வயதுவந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது, எனக்கும் இருக்கும். கருப்பைக் கழுத்துக்கும் மலவாயிலுக்கும் எச்.பி.வி. என்ற, பாலுறவில் தொற்றும் பப்பிலோமா வைரஸ். ஈரலுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி. மார்பகப் புற்றுநோய், ஆண்களின் புரஸ்டேட் புற்றுநோய் போன்றவை எச்.ஐ.வி.யால் கூடுவதாகத் தெரியவில்லை. ஆக 'கேன்சர் வரும்' என்று மொத்தமாகச் சொல்பவருக்கு, எந்தக் கேன்சர் என்ற முதல் கேள்வியே தெரியாது. கபோசி நம் பக்கத்தில் மிக அரிது. பதினான்கு வருடத்தில் நான் ஒரே ஒருவரில்தான் பார்த்தேன்.

இனி அடைப்புக்குறிக் கேள்வி. கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பொத்திய வலை நன்றாகவே மீன் பிடிக்கும். ஆனால் அது கிழிந்து கிடந்த நாட்களில் நழுவிப்போன மீன் திரும்பி வலைக்குள் வராது. சிடி4 140ஆக இருந்த காலம் அந்தக் கிழிசல் காலம். அது எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டொக்டருக்கும் தெரியாது. பரிசோதித்த நாள்தான் தெரியும், தொற்றிய நாள் தெரியாது. அந்த நாட்களில் எச்.பி.வி. போன்ற ஒன்று ஏதாவது ஒரு கலத்தில் மாற்றத்தைத் தொடங்கி வைத்திருந்தால், பிறகு சிடி4 ஏறியதும் அந்த மாற்றம் தானாக அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. பல அழிகின்றன. சில தங்குகின்றன. வைரஸ் 'தெரியவில்லை' என்றபோதும் ஆபத்து பூச்சியம் ஆகாததற்கு முதற் காரணம் இதுதான். ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதுவே: ஒருவருடைய சிடி4 எவ்வளவு கீழே போனது, எவ்வளவு காலம் அங்கே கிடந்தது என்பது பல புற்றுநோய்களில் பின்னாளைய ஆபத்தோடு சேர்ந்து நகர்கிறது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சிக்கலானது. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. குடலின் உட்சுவரில் இருக்கும் சிடி4 கலங்களைப் பெருமளவில் அழிக்கிறது. அந்தச் சுவர் பிறகு முழுதாகச் சீராவதில்லை. குடற் கிருமிகளின் துணுக்குகள் இரத்தத்துக்குள் கசிகின்றன. உடம்பு ஓயாமல் மெல்லிய அழற்சியில் இருக்கிறது. சிகிச்சை இதைக் குறைக்கிறது, அணைத்துவிடுவதில்லை. இந்த அழற்சி இருப்பது உறுதி. அது புற்றுநோயில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நுரையீரல் புற்றுநோய் எச்.ஐ.வி. உள்ளவர்களில் கூடுதல், ஆனால் பல நாடுகளில் அவர்களிடையே புகைப்பதும் கூடுதல். புகையைக் கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த மிச்சம் அழற்சியா, பழைய நிமோனியாவின் தழும்பா என்பது தீராத கேள்வி. நீங்கள் புகைப்பதில்லை என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

குளிசை புற்றுநோயைக் குறைக்கிறதா என்றால், அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2015இல் முடிவு வெளியான ஸ்டார்ட் என்ற பெரிய ஆய்வில், சிடி4 500க்கு மேலே இருந்த 4,685 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மருந்து. மறு பாதிக்கு, அந்தக் காலத்து வழக்கப்படி, சிடி4 350க்கு இறங்கும்வரை காத்திருப்பு. உடனே தொடங்கியவர்களில் 14 பேருக்குப் புற்றுநோய், காத்திருந்தவர்களில் 39 பேருக்கு. வித்தியாசத்தில் பெரும்பங்கு வைரஸ்களோடு தொடர்புடைய புற்றுநோய்களில். எண்ணிக்கை சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் திசையில் சந்தேகமில்லை. 1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்த நாடுகளில் கபோசியும் நிணநீர்ப் புற்றுநோயும் சரிந்ததும் அதே திசைதான். நம் நாட்டில் இந்தக் குளிசை அரச கிளினிக்குகளில் காசில்லாமல் கிடைக்கிறது. அதற்கு விலை போட்டு விற்றிருந்தால் மதிப்பு கூடியிருக்குமோ என்று சில நேரம் எரிச்சலோடு நினைத்ததுண்டு.

சரி, இனி உங்களுக்கென்று உள்ள விஷயங்கள். முதலாவதும் பெரியதும் கருப்பைக் கழுத்து. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் பேசும் எல்லாப் புற்றுநோய்களிலும் வருவதற்கு முன்பே கையும் களவுமாகப் பிடிக்கக்கூடியது இதுதான். எச்.பி.வி. தொற்றிய பெண்களில் பெரும்பாலானோரின் உடம்பு ஒன்றிரண்டு வருடத்தில் அதைத் துரத்திவிடுகிறது. சிடி4 கீழே இருந்தால் துரத்துவது தடைப்படும். தங்கிய வைரஸ் கலங்களை மெல்ல மாற்றும். மாற்றம் புற்றுநோயாவதற்கு வழக்கமாக வருடக்கணக்காகும், எச்.ஐ.வி. இருந்தால் அந்த அவகாசம் குறையும். அதற்குள் ஒரு பரிசோதனை நடந்தால், மாறிய இடத்தை மட்டும் எரித்தோ உறையவைத்தோ வெட்டியோ எடுத்துவிடலாம். கருப்பையை எடுக்கத் தேவையில்லை.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், 'மிட்வைஃப் மிஸ் 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூப்பிடுவார், அப்போது போவேன்' என்று. அந்த 35 என்பது எல்லாப் பெண்களுக்குமான கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே தொடங்கி, எச்.பி.வி. பரிசோதனையாக இருந்தால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை செய்யவேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பெப் டெஸ்ட் (கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை வழித்தெடுத்துப் பார்ப்பது) என்றால் இன்னும் அடிக்கடி செய்வார்கள். ஐந்து வருடமாகக் கிளினிக்குக்குப் போகிறீர்கள். இதுவரை ஒரு முறையும் எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை குளிசை எடுக்கப் போகும்போது நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க வெட்கப்படுவார்கள் என்று எங்களைப் போன்றவர்கள் நினைத்துச் சொல்லாமல் விட்ட நாட்களும் உண்டு. பெண் டொக்டரோ பெண் தாதியோ எடுக்கவேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. மகளையும் விடாதீர்கள். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களுக்கும் அந்த ஊசி போடலாமா என்றால், போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் ஏற்கெனவே தொற்றிய வகையை அது துரத்தாது. அதை நம்பிப் பரிசோதனையை விடக்கூடாது.

இரண்டாவது, வெற்றிலை. 'கொஞ்சம்தான், புகையிலை போடுவதில்லை, மாமியோடு பின்னேரம் ஒரு வாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். இலங்கை ஆண்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய், பெண்களும் தப்பவில்லை. புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இருபது வருடங்களுக்கு முன்பே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. குற்றவாளி பாக்கு. எச்.ஐ.வி.யும் பாக்கும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலா பெருக்கலா என்று எண் சொல்ல முடியாது. கழிக்காது என்று மட்டும் சொல்லலாம்.

கிளினிக்கில் நான் எல்லோரையும் வாய் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்ப்பேன். வெள்ளைத் திட்டு தெரிந்தால் முதலில் ஒரு தட்டைக் குச்சியால் மெதுவாகச் சுரண்டுவேன். தயிர் போல உரிந்து வந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அது பூஞ்சை. சிடி4 குறைந்திருக்கும்போது வருவது, மருந்தில் போய்விடும். நாக்கின் ஓரத்தில் சுருக்குச் சுருக்காக, சுரண்டினாலும் வராமல் இருந்தால் அது பெரும்பாலும் எப்ஸ்டீன் பார் வைரஸின் வேலை. அது புற்றுநோயாக மாறுவதில்லை. கன்னத்தின் உட்பக்கம், வெற்றிலையை அடக்கி வைக்கும் அதே இடத்தில், சுரண்டினாலும் வராத வெள்ளையோ வெல்வெட் போன்ற சிவப்போ இருந்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். அதை அன்றே பல் வைத்தியரிடம் அனுப்புவேன். நீங்களும் கண்ணாடி முன் நின்று விரலால் கன்னத்தை இழுத்துப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் முன்புபோல் அகலத் திறக்காமை, காரம் பட்டால் எரிவு, இதில் எது இருந்தாலும் காட்டுங்கள். வெற்றிலையை விடுங்கள். மாமி கோபித்தால் பல்லில் வருத்தம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது நீங்கள் கேட்காதது. கழுத்திலோ கக்கத்திலோ நெறி கட்டி, நான்கு கிழமையாகியும் போகவில்லை என்றால், அதோடு காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, காரணமில்லாத மெலிவு என்று வந்தால், நம் பக்கத்தில் முதலில் நினைப்பது காசநோய். நினைப்பது சரி, எச்.ஐ.வி. உள்ளவர்களில் அதுதான் அதிகம். ஆனால் நிணநீர்ப் புற்றுநோயும் அச்சொட்டாக அதே வேடத்தில் வரும். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. வேறொரு இடத்தில், கழுத்துக் கட்டிக்கு ஊசியால் மட்டும் எடுத்துப் பார்த்து, ஒன்றும் தெளிவில்லாமல் காசநோய் மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். நான்கு மாதம். அவர் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். எங்களிடம் வந்தபோது கட்டி எலுமிச்சங்காயிலிருந்து மாங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. கட்டியை முழுதாக எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியபோது நிணநீர்ப் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றார், பிழைத்தார், அந்த நான்கு மாதத்தின் விலையோடு. இதில் யாரையும் குறை சொல்லி ஆகப்போவதில்லை. இரண்டாவது மாதத்திலேயே எங்கள் கிளினிக்குக்கும் அவர் ஒரு முறை வந்திருந்தார், நானும் 'மருந்தை முடியுங்கள்' என்றுதான் சொல்லி அனுப்பினேன். அதனால் சொல்கிறேன்: மருந்து தொடங்கியும் கட்டி வளர்ந்தால், ஊசி போதாது, முழுக் கட்டியையும் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஈரலைப் பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வந்தது 2003இல். நீங்கள் அதற்கு முன் பிறந்தவர். உங்கள் கோப்பில் அந்தப் பரிசோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்து, தொற்று இல்லாவிட்டால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தொற்று இருந்து, உங்கள் குளிசையில் டெனோஃபோவிர் என்ற மருந்தும் இருந்தால், அது அதையும் சேர்த்து அடக்குகிறது; அப்படியானவர்கள் குளிசையைத் திடீரென நிறுத்தினால் ஈரல் கொந்தளிக்கும்.

இனி பொடி. சிடி4ஐக் கூட்டும் உணவு என்று ஒன்று கிடையாது. 460 என்பது நல்ல எண். 140இல் தொடங்கியவர் ஐந்து வருடத்தில் அங்கே வந்திருப்பது மரியாதையான ஏற்றம். அடுத்த முறை 410 வந்தாலும் பதறாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வரும். தடிமன் பிடித்தால் இறங்கும். பரீட்சைப் புள்ளி போல இதைப் பார்த்து அழுதவர்களைக் கண்டிருக்கிறேன். வைரஸ் அளவுதான் பார்க்கவேண்டிய எண். சாப்பாட்டுக்குச் சூடை மீன், பருப்பு, முருங்கையிலை, பழம் போதும். பொடியால் பயனில்லை என்பதோடு முடிந்தால் காசு போனது என்று விடலாம். ஆனால் இப்படிப்பட்ட பொடிகளில் இரும்பு, கல்சியம், மெக்னீசியம் சேர்ப்பது வழக்கம். உங்கள் குளிசையில் டொலுடெக்ராவிர் இருந்தால், பெரும்பாலும் இருக்கும், இந்த உலோகச் சத்துகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இரத்தத்துக்குள் போகவிடாது. அதனால்தான் நெஞ்செரிவு மருந்து குடிப்பவரிடமும் நாங்கள் மணிக்கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்போம். கணக்கு இதுதான்: அத்தகையவற்றுக்கு 2 மணி நேரம் முன்பாக, அல்லது 6 மணி நேரம் பின்பாகக் குளிசை போடவேண்டும். சில நாடுகளில் பிடிபட்ட பொடிகளில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது. பசி எடுக்கும், முகம் உப்பும், 'தேறிவிட்டாய்' என்று ஊர் சொல்லும், உள்ளே எதிர்ப்புச் சக்தி இறங்கும். போத்தலை ஏற்கெனவே வாங்கி, உடைக்காமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கப் பாருங்கள். உடைத்துவிட்டால் லேபிளோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏச மாட்டார்கள்.

கடைசியாக, 'மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லவேண்டுமா, அவர் எங்கள் ஒழுங்கைக்காரர்' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் வேலை செய்த கிளினிக்குகளில் பெப் டெஸ்டை அங்கேயே எடுத்தோம், பெயருக்குப் பதில் இலக்கம்தான் போகும். அதனால் 35 வயதுப் பட்டியலில் உங்கள் பெயர் வரும்போது 'பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டேன் மிஸ்' என்றால் போதும், பொய்யும் இல்லை. ஆனால் ஒருபோதும் மறைக்கக்கூடாத ஓர் ஆள் உண்டு. என்றாவது ஏதாவது ஒரு கட்டிக்காக மட்டக்களப்புக்கோ மஹரகமவுக்கோ போக நேர்ந்தால், அங்கே மருந்து எழுதும் டொக்டரிடம் எச்.ஐ.வி. குளிசையின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். புற்றுநோய் மருந்துகள் சிலவும் எச்.ஐ.வி. மருந்துகள் சிலவும் ஒன்றையொன்று நஞ்சாக்கும். முன்கூட்டித் தெரிந்தால் மாற்றிக் கொடுக்க வழியிருக்கிறது. இரவு ரயிலில் கொழும்புக்கு ஏறுமுன் கிளினிக் அட்டையை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும், கூட வந்த தம்பிக்குத் தெரியக்கூடாது என்று. தம்பியை வெளியே நிற்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லலாம். கதவைச் சாத்தச் சொன்னால் சாத்துவார்கள்.